ஊரெல்லாம் வாத்தியார்

சீனாவின் ஜினான் நகரத்துக் கரும்புலி ஊற்றில் காலை ஆறரை மணிக்கே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஊரைச் சுற்றிய பழைய அகழியின் கரையில் மூன்று கல் புலித்தலைகள் வாயைப் பிளந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் மழை குறைவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

லுவான் யூமெய் தன் இரண்டு கேன்களையும் காலால் தள்ளித் தள்ளி முன்னேறினாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு, ஊற்றுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் காலைப் பலகாரக் கடை போட்டு நடத்துகிறாள். குழாய்த் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினால் அது கஞ்சியே இல்லை என்பது அவள் கட்சி.

"இன்னிக்கு மட்டம் என்னவாம்?" என்று கேட்டாள்.

"நேத்தைவிட ரெண்டு சென்டி கூட," என்றார் முன்னால் நின்ற தெங், தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் நாற்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்ற ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் மழை வருமா என்று பார்ப்பார்கள். ஜினான்காரர்கள் ஊற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"நீங்க போயி ஊத்தினீங்களா, தெங் அண்ணே?"

"என் வேர்வைதான். உன் கடை ரொட்டியைக் கடிச்சுக் கடிச்சு வந்தது."

வரிசை சிரித்தது. அப்போதுதான் யூமெய் தனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். நாற்பது வயசு இருக்கும். கையில் கேன் இல்லை, பாட்டில் இல்லை. ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாத்யாரே, கேன் இல்லாம வரிசையில நிக்கிறீங்களே. கையில ஏந்திக் குடிக்கப் போறீங்களா?"

அவன் தீயை மிதித்தவன்போலத் துள்ளினான். "நான் வாத்தியார் இல்லைங்க! சத்தியமா இல்லை. தாத்தோங் ஊரு. நிலக்கரிச் சுரங்கத்துல எலக்ட்ரீஷியன்."

"சரி, எலக்ட்ரீஷியன் வாத்யாரே, கொஞ்சம் நகருங்க," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"ஐயோ, இல்லைன்னு சொல்றேனே!" அவன் முகம் வெளுத்துவிட்டது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டப் பைக்குள் கையை விட்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

யூமெய்க்கு மனசு கேட்கவில்லை. இது வேடிக்கை இல்லை, இவனுக்குள் ஏதோ முள் இருக்கிறது என்று தோன்றியது. "தம்பி, அட்டையெல்லாம் உள்ள வை. ஒரு கேனைத் தூக்கு. கடைக்கு வா, சூடா ஏதாவது குடி," என்றாள். தெங்கும் இன்னொரு கேனைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடாமலே வந்தார். அவர் அப்படித்தான்.

கடையில் அவள் ஒரு கிண்ணம் 'தித்திப்பு நுரை' ஊற்றி, மேலே வெங்காயத்தாள் போட்ட சுருள் ரொட்டி ஒன்றையும் வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் திகைத்தான்.

"அக்கா, இது உப்பா இருக்கே!"

"உப்பாத்தான் இருக்கும். தினை மாவு, வேர்க்கடலை, கீரை, மிளகு, இஞ்சி. இதுல தித்திப்பு எங்கேர்ந்து வரும்?"

"பேரு தித்திப்புன்னு..."

"எங்க ஊர்ல பேரைப் பார்த்து எதையும் நம்பாதே," என்றார் தெங். "குடி. குடிச்சிட்டு விஷயத்தைச் சொல்லு."

ஹாவ் திங்ஷான் என்று பேர் சொன்னான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்ன கதை இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் அவனுக்கு நாலு வயசு. அப்பா மான்குய் அவனைத் தூக்கிக்கொண்டு தெற்கே தங்கை வீட்டுக்கு ரயிலில் போனார். வழியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்து வலிப்பு கண்டுவிட்டது. ஜினான் நிலையத்தில் இறங்கிவிட்டார். விடிகிற நேரம். பனி. யாரையும் தெரியாது. மணிக்கூண்டுக்குக் கீழே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் அழுதவரிடம் ஒரு ஆள் வந்து, "வாத்யாரே, பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டாராம். பதிலுக்குக் காத்திராமல், தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கம்பளிக் கோட்டால் மூடி மருத்துவமனைக்கு மிதித்தாராம். அங்கே பெரிய வரிசை. அந்த ஆள் முன்னால் போய், "இந்த வாத்யாரோட பிள்ளையை முதல்ல பாருங்க," என்று கத்தினார். வரிசையில் முதல் ஆளாகக் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "வாத்யாரே, நீங்க முன்னாடி போங்க," என்று விலகி வழி விட்டாள். டாக்டர் ஊசி போட்டார். பிள்ளை பிழைத்தது.

"அப்பா அப்ப வாயைத் திறக்கலை, அக்கா. நான் வாத்தியார் இல்லை, சுரங்கக் கூலின்னு சொல்லலை. சொன்னா பின்னால தள்ளிடுவாங்களோன்னு பயம். தன்னை யாரோ வாத்தியார்னு தப்பா நினைச்சு மரியாதை பண்றாங்க, அந்த மரியாதையைத் திருடிப் பிள்ளையைக் காப்பாத்திக்கிட்டேன்னு இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருக்கார். அந்தப் பொம்பளையோட குழந்தை என்ன ஆச்சோன்னு வேற."

"யாருகிட்டயும் சொல்லலியா?" என்று மெல்லக் கேட்டாள் யூமெய்.

"போன மாசம்தான் என்கிட்ட சொன்னார். நெஞ்சு முழுக்கக் கரித்தூசி. டாக்டர் வாரக்கணக்குதான்னுட்டார். 'அந்த ஆளைக் கண்டுபிடி, நான் பொய்யன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு வா, அப்பதான் நான் நிம்மதியாப் போவேன்'னார். மூணு நாளா ஸ்டேஷன், ஆஸ்பத்திரின்னு அலையறேன். அந்தப் பழைய மணிக்கூண்டே இல்லை."

"இடிச்சிட்டாங்க," என்றார் தெங் கசப்போடு. "அதை மட்டும் கேக்காதே, எனக்கு வயிறு எரியும்."

கடைக்கு வெளியே ஒரு கிழவர், குப்பை வண்டிக்காரரைப் பார்த்து, "வாத்யாரே, இந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்குங்க," என்று கூவினார். பிறந்ததிலிருந்து காற்றுபோலக் கேட்டுவந்த அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக யூமெயின் காதில் விழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

"தம்பி, இப்ப அந்தக் கிழவர் யாரைக் கூப்பிட்டார், பாத்தியா?"

"குப்பை வண்டிக்காரரை."

"என்னன்னு கூப்பிட்டார்?"

"வாத்யாரேன்னு..." என்றான் திங்ஷான், வெளியே எட்டிப் பார்த்து.

"எங்க ஊர்ல முன்பின் தெரியாத எல்லாருமே வாத்யார்தான். செருப்பு தைக்கிறவர், மீன் விக்கிறவ, பஸ்ல இடிச்சிட்டு நிக்கிறவன், எல்லாரும். ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசம் கிடையாது. உங்கப்பாவை யாரும் வாத்தியார்னு நினைக்கலை. மனுஷன்னு நினைச்சாங்க."

"பிக்பாக்கெட்காரனைப் பிடிச்சாக்கூட, 'வாத்யாரே, பர்ஸைக் குடுங்க'ன்னுதான் கேப்போம்," என்றார் தெங்.

திங்ஷான் சிரித்தான், உடனே அழுதான், பிறகு தலையை ஆட்டினான். "அவர் நம்ப மாட்டார், அக்கா. நான் ஆறுதலுக்குக் கதை கட்டறேன்னுதான் சொல்வார். பொய்யை மோப்பம் பிடிக்கிற மனுஷன்." சற்றுத் தயங்கிவிட்டு, தெங்கைப் பார்த்தான். "அண்ணே... உங்க வயசுதான் பொருந்தும். 'நான்தான் அந்த வண்டிக்காரன், மன்னிச்சுட்டேன்'னு போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

தெங் யூமெயைப் பார்த்தார். அவருக்குச் சம்மதம்தான் என்று முகமே சொன்னது.

"வேண்டாம்," என்றாள் யூமெய். மாதம் இரண்டு தடவை ஆயிரம் புத்தர் மலை ஏறிக் குவான்யின் அம்மனுக்கு ஊதுவத்தி வைக்கிறவள் அவள். "பொய்யாலதான் அவர் நெஞ்சு புண்ணாகியிருக்கு. அது மேலேயே இன்னொரு பொய்யைத் தடவவா? குவான்யின் தாயார் பாத்துக்கிட்டிருக்கா. நிஜமே நல்லதா இருக்கும்போது பொய் எதுக்கு? போனைப் போடு."

ஒன்பது மணிக்குக் கடைக் கூட்டம் குறைந்ததும் போன் போட்டார்கள். திரையில் தலையணையில் சாய்ந்த ஒரு முகம். மூக்கில் குழாய். கண் மட்டும் கூர்மையாக இருந்தது. மகன் சொன்னதையெல்லாம் கேட்டார். யூமெய் சொன்னதையும் கேட்டார்.

"நீ என்ன கடைம்மா வச்சிருக்கே?" என்று கேட்டார் கடைசியில்.

"தித்திப்பு நுரைங்க, ஐயா."

"தித்திப்பா இருக்குமா?"

"இல்லைங்க. உப்பு."

"உப்பைத் தித்திப்புன்னு விக்கிற ஊரு. நீ சொல்றதை நான் நம்பணுமாக்கும்," என்றார் மான்குய். இருமினார். "மனசு நல்ல மனசு. ஆனா என்னைச் சமாதானம் பண்றே. என் மகன் கேட்டிருப்பான்."

யூமெய்க்குக் கோபம் வரவில்லை, ரோஷம் வந்தது. சிங்டாவோக்காரர்கள் கடலைக் காட்டிப் பீற்றிக்கொண்டு, 'மாகாணத் தலைநகரமாம், உங்க ஊரு ஒரு பெரிய கிராமம்' என்று கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஜினான் பொய் சொல்கிறது என்று ஒரு நல்ல மனிதர் நினைத்துக்கொண்டு சாவதை மட்டும் அவளால் பொறுக்க முடியாது.

"ஐயா, நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். உங்க பையன் சட்டைப் பையில போன் இருக்கட்டும். நாங்க நடக்கிறோம். ஊரு தானாப் பேசட்டும். நீங்களே கேளுங்க."

கடையை அடுத்த கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். தெங்தான் அவசரப்பட்டு முதலில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கூட்டம் இருக்கும் என்பது அவர் கணக்கு. வாசலில் உதட்டுச் சாயம் விற்கிற பெண் திங்ஷானைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள்.

"வாங்க ஹீரோ! வாங்க அழகி! என்ன பார்க்கறீங்க?"

தெங் சுற்றுமுற்றும் பார்த்தார். "அழகி யாரு?"

"என்னைத்தான்," என்றாள் யூமெய், முகம் சிவந்து. "ஏம்மா, நீ எந்த ஊரு?"

"ஹெனான், ஆன்ட்டி. வந்து மூணு மாசம்தான். முதல்ல எல்லாரையும்போல 'வாத்யாரே'ன்னுதான் கூப்பிட்டேன். மேனேஜர் அது பட்டிக்காடு மாதிரி இருக்கு, சொல்லாதேன்னுட்டார்."

சட்டைப் பையிலிருந்து வறண்ட குரல் வந்தது. "கேட்டேன். ஹீரோவாம்."

அந்தப் பெண் பயந்து சட்டையைப் பார்த்தாள். யூமெய் அவளைத் திட்டவில்லை. பிழைக்க வந்த பிள்ளை, மேனேஜர் சொன்னதைத்தான் செய்யும். ஆனால் வெளியே வருகையில் அவளுக்கு நெஞ்சு கனத்தது. ஒருவேளை பளிங்கும் கண்ணாடியும் ஏற ஏற அந்தச் சொல் தேய்ந்துகொண்டுதான் வருகிறதோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று நினைத்தாள்.

அந்த யோசனையில் அவள் நின்றுவிட, தெங் மட்டும் பேசிக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டார். விசில் காதைக் கிழித்தது.

"வாத்யாரே! சிவப்பு விளக்கு! கண்ணு தெரியலையா, வாத்யாரே?" போக்குவரத்துப் போலீஸ்காரர் நாலு எட்டில் வந்துவிட்டார். "இந்த வயசுல ஓடறீங்களே, ஆஸ்பத்திரியில இடம் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

"நான் நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்," என்றார் தெங்.

"அப்ப உங்களுக்கு ரெண்டு மடங்கு திட்டு, வாத்யாரே. நடைபாதைக்கு ஏறுங்க."

"யாரது, போலீஸ்காரரா?" என்று கேட்டது சட்டைப் பை. அந்தக் குரலில் கேலி இல்லை என்று யூமெய்க்குப் பட்டது.

அதற்குப் பிறகு ஊர் தானாகவே பேசியது. பஸ்ஸில் ஒரு மாணவி, கையில் கோழியோடு ஏறிய ஆளிடம், "வாத்யாரே, இங்க உக்காருங்க," என்று எழுந்தாள். சந்தையில் மீன்காரி ஒருத்தி, விலை குறைத்துக் கேட்டவளிடம், "வாத்யாரே, இந்த விலைக்கு நீங்களே அகழியில குதிச்சுப் பிடிச்சுக்குங்க," என்றாள். படகுக்காரர் கரையில் துணி அலசுகிறவரை அதே சொல்லால் கூப்பிட்டார். அலசுகிறவர் சாப்பாடு கொண்டுபோகிற ஸ்கூட்டர்காரனைக் கூப்பிட்டார். அவன் வழி கேட்டது ஒரு கட்டடத் தொழிலாளியிடம். தலையில் சிமென்ட் தூசியோடு நின்ற அந்த மனிதர், "நேராப் போங்க, வாத்யாரே," என்று கை காட்டினார்.

அகழியோரம் வில்லோ மரத்துக்குக் கீழே வரும்போது போனுக்குள் இருமல் கேட்டது. திங்ஷான் அதை வெளியே எடுத்தான்.

"அம்மா," என்றார் மான்குய். யூமெயைத்தான். "அந்தச் சொல்லை நீ ஒரு தடவை சொல்லு. மெதுவா."

"வாத்யாரே."

"கடைசியில நாக்கு என்ன பண்ணுது?"

அவளுக்கே யோசிக்க வேண்டியிருந்தது. "எங்க ஊர்ப் பேச்சுல மடியுதுங்க. மேலண்ணத்துப் பக்கம் சுருண்டுக்குது. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறவரை நாங்க அப்படிக் கூப்பிட மாட்டோம். அவரை 'வாத்தியார்'னு நேராச் சொல்வோம். நாக்கை மடிச்சா அது தெருவுல போற யாருக்கும்."

திரையில் கிழவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் உதடு ஓசையில்லாமல் அசைந்தது. முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு பனிக்கால விடியலை அவர் வாய்க்குள் தேடுகிறார் என்று தெரிந்தது.

"அவரும் மடிச்சார்," என்றார். "நான் அந்த ஆளுக்கு நாக்குல ஏதோ குறைன்னு நினைச்சேன். அந்தப் பொம்பளையும் மடிச்சா. ரெண்டு பேருக்கும் ஒரே குறையான்னு அப்பவே தோணிச்சு. பிள்ளை கொதிக்குது, யோசிக்க ஏது நேரம்." அவர் மூச்சு வாங்கினார். "அப்ப நான் கரிமூஞ்சின்னு தெரிஞ்சேதான் ஏத்திக்கிட்டாரா?"

"தெரிஞ்சேதான், ஐயா. சுரங்கத்துக்காரர்னு சொல்லியிருந்தாலும், 'சரி வாத்யாரே, ஏறுங்க'ன்னுதான் சொல்லியிருப்பார்."

"அந்தக் குழந்தை? அந்தப் பொம்பளையோட குழந்தை?"

தெங் எதையோ சொல்ல வாயெடுத்தார். யூமெய் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "நல்லா இருக்குன்னு சொல்லிட ஆசைதான். தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் தெரியும். அவ ஒரு தாய். தன் கையில இருக்கிறதைப் பார்த்தா, உங்க தோள்ல இருக்கிறதைப் பார்த்தா, எது அவசரம்னு தெரிஞ்சுதான் விலகியிருப்பா. அவ குடுத்ததை நீங்க திருடலை. வர்ற பௌர்ணமிக்கு மலையில அந்தக் குழந்தை பேர்ல, பேர் தெரியாட்டியும், ஒரு ஊதுவத்தி வைக்கிறேன்."

தெங் தண்ணீரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்.

"வை," என்றார் மான்குய். "என் பேர்லயும் ஒண்ணு. அந்த வண்டிக்காரருக்கு."

அவர்கள் மறுபடி கரும்புலி ஊற்றுக்கு வந்து சேர்ந்தபோது வரிசை இன்னும் நீண்டிருந்தது. கிழவர் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார். திங்ஷான் போனை உயர்த்திப் பிடித்தான். மூன்று புலிகளும் தாத்தோங்கிலிருந்த அந்தப் படுக்கைக்கு நேராகக் கொட்டின. இலை பெருக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாரு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"தாத்தோங் சுரங்கத்துக்காரர்," என்றாள் யூமெய்.

"அடடா. வாத்யாரே, சாப்பிட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண் போனைப் பார்த்து. "இருமல் இருக்கே. வெந்நி குடிங்க, வாத்யாரே."

திங்ஷான் மூச்சை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். அவர் மறுக்கவில்லை.

"சாப்பிட்டேன்," என்றார். பிறகு, கூச்சத்தோடு, "சாப்பிட்டேன், வாத்தியாரே."

"அது பள்ளிக்கூடத்து வாத்தியார்!" என்று தெங் குதித்தார். "நாக்கை மடிங்க, பெரியவரே. மேல தொடணும்."

"வாத்... யாரே."

"இன்னும் கொஞ்சம். அழுத்தாம, வழுக்கி விடணும்."

கிழவர் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் கூவிப் பழகிய தொண்டை அது. நோயில் கிடந்தாலும் பழக்கம் போகவில்லை.

"வாத்யாரே!"

சரியாக வந்தது. தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கேன்களோடு நின்றிருந்த வரிசை மொத்தமும், விளக்குமாற்றுக்காரியும், படிக்கட்டில் குடம் கழுவிய தாத்தாவும், பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்த போலீஸ்காரரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்து, "என்ன, வாத்யாரே?" என்றார்கள்.